ஆராய்ச்சிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன், இப்போது விலகலாமா?

கோலாலம்பூர், செந்தூலில் வசிக்கும் ஒரு தாயின் கடிதம் இது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறோம். இவருக்கு இரண்டரை வயதில் ஒரு மகன், ஐந்து மாதத்தில் ஒரு மகள். மகன் போகும் தாஸ்காவில் (குழந்தைப் பராமரிப்பு மையத்தில்) மூன்று பிள்ளைகளுக்குக் கை, கால், வாய் நோய் வந்தது. அடுத்த வாரம் இவனுக்கும் காய்ச்சல் கண்டது. வாயில் புண், உள்ளங்கையிலும் பாதத்திலும் கொப்புளம். மூன்றாம் நாளும் காய்ச்சல் 39 டிகிரியில் நின்றது. தூங்கப் போகும்போது உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. மருத்துவமனையில் சேர்த்து, இரண்டு இரவு கண்காணித்து அனுப்பினார்கள். இப்போது காய்ச்சல் இல்லை, கொப்புளங்கள் காய்ந்து வருகின்றன.

வார்டில் இருந்தபோது நள்ளிரவில் ஒரு நர்ஸ் வந்து, இந்த நோயைப் பற்றிய ஆராய்ச்சியில் பிள்ளையைச் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறார். இவரும் களைப்பில் மலாய் மொழிப் படிவத்தை முழுதாகப் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டார். தொண்டைச் சளி, மலம், 3 மில்லி ரத்தம் எடுத்தார்கள். இரண்டு வாரம் கழித்து வீட்டுக்கு வந்து, கைக்குழந்தை, பாட்டி உட்பட எல்லாரிடமும் தொண்டைச் சளியும் மலமும் எடுப்பார்களாம். "என் பேரன் என்ன சோதனை எலியா? இது அம்மை. வேப்பிலை கட்டி, மருந்து கொடுக்காமல், தண்ணி ஊத்தாமல் விட்டிருந்தால் தானாக இறங்கியிருக்கும்" என்று மாமியார் கோபப்படுகிறார். இதற்கிடையில் சுகாதார அலுவலகத்தில் இருந்து அழைத்து தாஸ்காவின் முகவரியைக் கேட்டதால், தான் கையெழுத்துப் போட்டதுதான் தாஸ்காவை மூட வைத்துவிட்டது என்ற குற்ற உணர்வு வேறு. ஆன்டிபயாட்டிக் ஏன் தரவில்லை, ஆராய்ச்சிக்காகவே தராமல் விட்டார்களா, விலகினால் அடுத்த முறை சேர்த்துக்கொள்வார்களா, சீனாவில் போடும் தடுப்பூசி இங்கு ஏன் இல்லை, மகளை எப்படிக் காப்பது என்று பல கேள்விகள்.

குழந்தை நல மருத்துவரின் பதில்

அன்புள்ள சகோதரி,

முதலில் உங்கள் மனத்தை அழுத்தும் விஷயம். தாஸ்காவை மூட வைத்தது உங்கள் கையெழுத்து இல்லை. கை, கால், வாய் நோய் மலேசியாவில் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய். 1988-ஆம் ஆண்டுத் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி (சட்டம் 342), இந்த நோயைக் காணும் மருத்துவர் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். அதற்கு உங்கள் அனுமதி தேவையில்லை. ஆராய்ச்சிக்கு நீங்கள் மறுத்திருந்தாலும் அந்தத் தொலைபேசி அழைப்பு வந்திருக்கும். ஆராய்ச்சி தனி, அறிவிப்பு தனி, சிகிச்சை தனி. மூன்றும் ஒரே வார்டில், வெள்ளைச் சட்டை போட்டவர்கள் வழியாகவே நடப்பதால் குழப்பம் வருவது இயல்பு. நள்ளிரவில் களைத்துப்போன தாயிடம் கையெழுத்துக் கேட்டது சரியான முறை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சம்மதம் என்பது யோசிக்க நேரம் கொடுத்துக் கேட்க வேண்டியது.

ஆன்டிபயாட்டிக் பற்றி

அதை யாரும் மறைத்து வைக்கவில்லை. இந்த நோயைக் கொண்டுவருவது என்டரோவைரஸ் குடும்பத்தைச் சேர்ந்த வைரஸ்கள்: காக்ஸாக்கி ஏ16, ஏ6, ஏ10, என்டரோவைரஸ் ஏ71 போன்றவை. ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவைக் கொல்லும், இவற்றை ஒன்றும் செய்யாது. கொப்புளத்தில் சீழ் பிடித்தால்தான் அதற்கு வேலை. இந்த வைரஸ்களை நேரடியாக அழிக்கும், நிரூபிக்கப்பட்ட மருந்து இன்றுவரை கிடையாது. நிலைமை மோசமாகும் பிள்ளைகளுக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவில் இம்யூனோகுளோபுலின் (நோய் எதிர்ப்புப் புரதம்), இதயத்துக்குத் துணை செய்யும் மில்ரினோன் போன்றவை கொடுப்பதுண்டு. அவற்றுக்கான ஆதாரமும் நாம் விரும்பும் அளவுக்கு வலுவாக இல்லை. உங்கள் மகனுக்குத் தேவைப்பட்டது கூர்மையான கண்காணிப்பு. அது கிடைத்திருக்கிறது.

அந்தக் கண்காணிப்பு எங்கிருந்து வந்தது என்று சொன்னால், ஆராய்ச்சியைப் பற்றிய உங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். 1997-இல் மலேசியாவின் சரவாக் மாநிலத்தில் இந்த நோய் பரவியபோது, சாதாரணக் காய்ச்சலோடு வந்த ஏறத்தாழ 30 குழந்தைகள் இறந்தார்கள். பலருக்கு முடிவு சில மணி நேரத்தில் வந்தது. ஏன் என்று யாருக்கும் அப்போது புரியவில்லை. அதே ஆண்டு தீபகற்ப மலேசியாவில் இறந்த குழந்தைகளை ஆராய்ந்த கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவர்கள், மூச்சையும் இதயத்தையும் இயக்கும் மூளைத்தண்டை வைரஸ் தாக்கியிருப்பதைக் காட்டினார்கள். மறு ஆண்டு தைவானில் 1,29,106 பேருக்கு நோய் பதிவாகி, 405 பேருக்கு நிலைமை மோசமாகி, 78 பேர் இறந்தார்கள். அதன் பிறகு சரவாக்கில் பல ஆண்டுகள் தொடர்ந்து பிள்ளைகளைப் பரிசோதித்து வந்த குழு, 2009-இல் ஒரு பயனுள்ள முடிவை வெளியிட்டது. மூன்று அறிகுறிகளில் குறைந்தது இரண்டு இருந்தால் நரம்பு மண்டலம் பாதிக்கப்படும் வாய்ப்பு கூடுதல்: காய்ச்சல் மூன்று நாளோ அதற்கு மேலோ நீடிப்பது, காய்ச்சல் 38.5 டிகிரியையோ அதற்கு மேலோ தொடுவது, பிள்ளை துவண்டு சோர்ந்து கிடப்பது.

உங்கள் மகனுக்கு முதல் இரண்டும் இருந்தன. தூக்கத்தில் உடம்பு தூக்கிப்போடுவதும் சேர்ந்துகொண்டது. அதனால்தான் படுக்கை கொடுத்தார்கள். சரவாக்கில் யாரோ பெற்றோர் தங்கள் பிள்ளையின் மலத்தையும் சளியையும் கொடுக்கச் சம்மதித்ததன் பலன் இது.

அம்மை, வேப்பிலை

உங்கள் மாமியாரோடு சண்டை வேண்டாம். வாசலில் வேப்பிலை கட்டுவதாலோ மாரியம்மனை வேண்டிக்கொள்வதாலோ பிள்ளைக்கு ஒரு கெடுதலும் இல்லை. வீட்டுக்கு வெளியாட்கள் வராமல் இருக்க அந்த வேப்பிலை உதவவும் செய்யும். கெடுதல் வருவது மூன்று இடங்களில். காய்ச்சல் மருந்து கொடுக்காமல் விட்டால், வாய்ப்புண் வலியில் பிள்ளை தண்ணீர் குடிக்காது. உடம்பில் நீர் வற்றித்தான் பல பிள்ளைகள் மருத்துவமனைக்கு வருகிறார்கள். குளிப்பாட்டாமல் விட்டால் உடைந்த கொப்புளத்தில் அழுக்குச் சேரும். வெதுவெதுப்பான நீரில் சோப்புப் போட்டுத் தாராளமாகக் குளிப்பாட்டலாம். மூன்றாவது, "அம்மை இறங்கட்டும்" என்று காத்திருப்பதில் அபாய அறிகுறி தெரியும் நேரம் கடந்துவிடும். ஒரு முறை வந்தால் இனி வராது என்றும் நினைக்க வேண்டாம். ஒரு வைரஸுக்கு எதிராக வந்த எதிர்ப்பு இன்னொன்றைத் தடுக்காது.

மகளைக் காப்பது

இப்போது உங்கள் வீட்டில் உண்மையான அவசரம் இதுதான். தைவானில் 2001, 2002-இல் என்டரோவைரஸ் ஏ71 கண்ட பிள்ளைகளின் வீடுகளில் ஓர் ஆய்வு நடந்தது. கூடப் பிறந்தவர்களில் 84 விழுக்காட்டினருக்குத் தொற்றியிருந்தது. பெற்றோரில் 41 விழுக்காடு, தாத்தா பாட்டியில் 28 விழுக்காடு. தொற்றிய பெரியவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஓர் அறிகுறியும் இல்லை. இருமலோ காய்ச்சலோ இல்லாத பாட்டியிடமும் ஏன் மாதிரி கேட்கிறார்கள் என்பதற்கு விடை இந்தக் கடைசி எண்ணில் இருக்கிறது.

தொற்றிய 3 முதல் 6 நாளில் நோய் தெரியும். மகனின் எச்சிலும் கொப்புள நீரும் முதல் வாரத்தில் அதிகம் பரப்பும். மலத்தில் மட்டும் வைரஸ் பல வாரங்கள் வந்துகொண்டிருக்கும். இரண்டு பேருக்கும் பேம்பர்ஸ் மாற்றும் வீட்டில் ஆபத்து அங்கேதான். மகனுக்கு மாற்றியதும் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 20 வினாடி கை கழுவுங்கள். ஆல்கஹால் ஜெல்லை நம்பாதீர்கள். இந்த வைரஸுக்குக் கொழுப்பு உறை கிடையாது, ஆல்கஹால் அதைச் சரிவரக் கொல்லாது. இருவருக்கும் தனித்தனி மாற்றும் பாய், தனித்துண்டு, தனி டம்ளர். அண்ணன் தங்கைக்கு முத்தம் கொடுப்பதைச் சில வாரம் தள்ளிப்போடுங்கள். தாய்ப்பால் நிறுத்த வேண்டாம்.

பொம்மை, கதவுக் கைப்பிடி, தரை ஆகியவற்றுக்கு 5 விழுக்காட்டுக் குளோராக்ஸை (ப்ளீச்) 1 லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி என்று கலந்து துடையுங்கள். அழுக்கை முதலில் சோப்பால் போக்கிவிட்டு, பிறகு இதைத் தடவி 15 நிமிடமாவது விட்டு, நல்ல தண்ணீரால் துடைக்க வேண்டும். அழுக்கின் மேலேயே ஊற்றினால் குளோரின் அந்த அழுக்கோடு தீர்ந்துபோகும். தினமும் புதிதாகக் கலக்குங்கள். கழிவறை கழுவும் அமிலத்தோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.

மகளுக்குக் காய்ச்சல் வந்தால், ஐந்து மாதக் குழந்தை என்பதால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். பாராசிட்டமால் ஒரு வேளைக்கு எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம். 6 மணி நேரத்துக்கு ஒரு முறை, நாளுக்கு 4 முறைக்கு மேல் கூடாது. நம் வீடுகளில் இரண்டு வகை சிரப் இருக்கும்: 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ளது ஒன்று, 250 மில்லிகிராம் உள்ளது இன்னொன்று. உங்கள் மகள் 6.5 கிலோ என்று எழுதியிருக்கிறீர்கள். 120 உள்ள சிரப்பில் 4 மில்லி, 250 உள்ளதில் 2 மில்லி. போத்தலைப் பார்க்காமல் "4 மில்லி" என்ற எண்ணை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொண்டு 250-இல் கொடுத்தால் இரட்டை மடங்காகிவிடும். அவசரத்தில் பாட்டியோ அப்பாவோ கொடுக்கும்போது நடக்கும் தவறு இது. போத்தலின் மேல் யாருக்கு எத்தனை மில்லி என்று இப்போதே எழுதி ஒட்டுங்கள். 12 கிலோ உள்ள மகனுக்கு 120-இல் 7.5 மில்லி, 250-இல் 3.5 மில்லி. ஆஸ்பிரின் இருவருக்கும் கூடாது. கடையில் விற்கும் மரத்துப்போக வைக்கும் வாய்ப்புண் ஜெல்லும் சின்னக் குழந்தைகளுக்கு வேண்டாம். விழுங்கிவிட்டால் வலிப்பு வரை போகலாம்.

மகனுக்கு இன்னும் வாய் வலித்தால் குளிர்ந்த பால், நன்றாகக் கரைத்து ஆறிய கஞ்சி, ஐஸ்கிரீம் கொடுங்கள். ரசம், ஆரஞ்சுச் சாறு எரியும். அவன் எடைக்கு நாளுக்கு ஏறத்தாழ 1.1 லிட்டர் திரவம் வேண்டும், பாலும் கஞ்சியும் இதில் சேரும். ஒரேயடியாகக் குடிக்க மறுத்தால் 10 நிமிடத்துக்கு ஒரு முறை கரண்டியில் 15 மில்லி.

கீழே உள்ளவற்றில் ஒன்று தெரிந்தாலும் இரவு என்று பார்க்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்:

- தூங்கும்போது உடம்பு திரும்பத் திரும்பத் தூக்கிப்போடுவது, கை கால் நடுங்குவது
- துவண்டு கிடப்பது, எழுப்பினாலும் சரியாக விழிக்காதது
- நடை தள்ளாடுவது, ஒரு கையோ காலோ பலமிழப்பது
- அடிக்கடி வாந்தி, அல்லது 8 மணி நேரமாகச் சிறுநீர் போகாதது
- வேகமான மூச்சு. கை கால் சில்லிட்டு வியர்ப்பது, தோல் திட்டுத்திட்டாக வெளிறுவது

கடைசியில் உள்ளதைப் பெற்றோர் பெரும்பாலும் "காய்ச்சல் இறங்கி உடம்பு குளிர்ந்துவிட்டது" என்று நினைத்து நிம்மதி அடைகிறார்கள். அது மூளைத்தண்டும் இதயமும் தடுமாறும் அறிகுறியாக இருக்கலாம். காய்ச்சல் இறங்கிய பிள்ளை எழுந்து விளையாடும், சாப்பாடு கேட்கும். அந்த வேறுபாட்டைப் பாருங்கள்.

தடுப்பூசி

தடுப்பூசி பற்றி நீங்கள் கேட்டது சரியான கேள்வி. சீனாவில் என்டரோவைரஸ் ஏ71-க்கு எதிரான தடுப்பூசி 6 மாதக் குழந்தை முதல் ஒரு மாத இடைவெளியில் இரண்டு ஊசியாகப் போடப்படுகிறது. 2013, 2014-இல் வெளியான மூன்று பெரிய ஆய்வுகளில், ஒவ்வொன்றிலும் 10,000-க்கு மேற்பட்ட குழந்தைகள் பங்கேற்றார்கள். அந்த வைரஸால் வரும் நோயை அது 90 விழுக்காடோ அதற்கு மேலோ தடுத்தது. ஆனால் காக்ஸாக்கி வகைகளை அது தடுக்காது. ஊசி போட்ட பிள்ளைக்கும் கொப்புளம் வரலாம். நம் தேசியத் தடுப்பூசி அட்டவணையில் அது இல்லை. ஒரு நாட்டில் எந்த வகை வைரஸ் எப்போது எவ்வளவு பரவுகிறது என்று தெரிந்தால்தான் அப்படியொரு ஊசி இங்கு தேவையா என்று கணக்குப் போட முடியும். சரவாக்கில் 1997, 2000, 2003 என்று மூன்றாண்டுக்கு ஒரு முறை ஏ71 அலை எழுந்ததைக் கண்டுபிடித்ததே தொடர்ந்து மாதிரி எடுத்ததால்தான். உங்களிடம் கேட்கப்படும் மாதிரியும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

இருப்பதா, விலகுவதா

நீங்கள் எப்போது வேண்டுமானாலும், காரணமே சொல்லாமல் விலகலாம். அதனால் உங்கள் பிள்ளையின் சிகிச்சை ஒரு துளியும் குறையக் கூடாது. இது ஆராய்ச்சி நெறியின் அடிப்படை விதி. அடுத்த முறை சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்ற பயம் தேவையில்லை. அதேபோல், சேர்ந்திருப்பதால் கூடுதல் கவனிப்பு கிடைக்கும் என்று எதிர்பார்ப்பதும் சரியில்லை. நீங்கள் விவரித்தபடி பார்த்தால் இது மருந்து கொடுத்துப் பார்க்கும் சோதனை இல்லை; மாதிரி எடுத்துக் கவனிக்கும் ஆய்வு. ஆகவே 'சோதனை எலி' என்ற அச்சத்துக்கு இங்கு இடமில்லை. ஆனால் உங்கள் மகனுக்கு எந்த வைரஸ் என்ற முடிவு உங்களுக்கு வராமலே போகலாம், வந்தாலும் அவன் சிகிச்சை மாறப்போவதில்லை. பயன் நாளைய பிள்ளைகளுக்கு.

ரத்தம் அதிகம் எடுத்துவிட்டார்களோ என்று கேட்டிருந்தீர்கள். குழந்தையின் உடம்பில் கிலோவுக்குச் சுமார் 80 மில்லி ரத்தம் இருக்கும். 12 கிலோவுக்கு 960 மில்லி. ஆராய்ச்சிக்காக ஒரே வேளையில் எடுப்பது மொத்தத்தில் 1 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பிய வழிகாட்டுதல்; அதாவது 9 மில்லி சொச்சம். 3 மில்லி அதற்குள் அடங்கிவிடுகிறது. தொண்டைச் சளி எடுக்கும்போது ஒரு நொடி குமட்டும், மல மாதிரியில் வலியே இல்லை.

முடிவெடுக்கும் முன் நர்ஸை அழைத்து, நீங்கள் கையெழுத்திட்ட படிவத்தின் நகலையும் விளக்கத் தாளையும் கேளுங்கள். அவற்றைக் கொடுப்பது அவர்கள் கடமை. அதில் தேசிய மருத்துவ ஆராய்ச்சிப் பதிவேட்டின் எண்ணும், நெறிமுறைக் குழுவின் தொடர்பு எண்ணும் இருக்கிறதா பாருங்கள். சுகாதார அமைச்சின் மருத்துவமனைகளில் பதிவு இல்லாமல் ஆய்வு நடத்த முடியாது. பிறகு நான்கு விஷயங்களைக் கேளுங்கள்: மாதிரிகளை எத்தனை ஆண்டு வைத்திருப்பார்கள், வெளிநாட்டுக்கு அனுப்புவார்களா, மரபணுச் சோதனை செய்வார்களா, செய்தால் அதற்குத் தனிச் சம்மதம் உண்டா, விலகினால் ஏற்கெனவே எடுத்ததை அழிப்பார்களா. கடைசிக் கேள்வியில் கவனமாக இருங்கள். சோதித்து முடித்த முடிவுகளைப் பெரும்பாலும் திரும்பப் பெற முடியாது. மீதமுள்ள மாதிரியை அழிக்கச் சொல்லலாம். மகனை மட்டும் வைத்துக்கொண்டு வீட்டு வருகையை மறுக்கலாமா என்றும் கேட்டுப் பாருங்கள். பல ஆய்வுகளில் அப்படிப் பகுதியாக விலக இடமுண்டு.

பதில்கள் திருப்தியாக இருந்தால் தொடருங்கள் என்பதே என் கருத்து. மழுப்பலாக இருந்தால், நகல் தர மறுத்தால், தயங்காமல் விலகுங்கள். நெறிமுறைக் குழுவுக்கும் தெரிவியுங்கள்.

மாமியாரின் மாதிரி பற்றி உங்கள் கையெழுத்துக்கு மதிப்பில்லை. கைக்குழந்தைக்குப் பெற்றோர் நீங்கள் சம்மதிக்கலாம். அவர் வயதுவந்தவர், அவருக்கு அவரே சம்மதிக்க வேண்டும். தமிழ் மட்டுமே படிப்பவர் என்றீர்கள். அப்படியானால் தமிழில் வாய்விட்டு விளக்கச் சொல்லுங்கள். அந்தப் படிவத்தைப் படிக்க முடியாதவருக்கு விளக்கும்போது, ஆய்வுக் குழுவைச் சேராத ஒரு சாட்சி ஆரம்பத்தில் இருந்து கடைசிவரை உடனிருந்து கையெழுத்திட வேண்டும். அவரிடம் நீங்கள் பேசும்போது, "அத்தை, உங்களுக்குத் தெரியாமலே உங்கள் கையில் இருந்து பேத்திக்குப் போகலாம், அதைத்தான் பார்க்க வருகிறார்கள்" என்று சொல்லிப் பாருங்கள். அதற்குப் பிறகும் வேண்டாம் என்றால் அது அவர் உரிமை. அந்த இடத்தில் விட்டுவிடுங்கள்.

தாஸ்காவுக்கு அனுப்புவது: நோய் தொடங்கியதில் இருந்து 7 முதல் 10 நாள் வீட்டில் வைத்து, எல்லாக் கொப்புளங்களும் காய்ந்த பிறகு அனுப்புங்கள். மருத்துவரிடம் காட்டிக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள், தாஸ்காவில் கேட்பார்கள். மலத்தில் வைரஸ் வாரக்கணக்கில் இருக்கும் என்பதால் அது முற்றிலும் தீரும்வரை வைத்திருப்பது நடக்காத காரியம். பேம்பர்ஸ் மாற்றும் ஆசிரியைக்குச் சோப்பு, தண்ணீர் பற்றிச் சொல்லிவையுங்கள். ஒன்றிரண்டு மாதம் கழித்து மகனின் விரல் நகங்கள் அடியில் இருந்து கழன்று விழக்கூடும், குறிப்பாகக் காக்ஸாக்கி ஏ6 வந்திருந்தால். ரத்தம் எடுத்ததால் என்று வீட்டில் பேச்சு எழலாம். அப்படி இல்லை, காய்ச்சலின்போது நகம் வளர்வது நின்றுபோனதன் விளைவு அது. மருந்து எதுவும் வேண்டாம், புதிய நகம் தானாக முளைக்கும்.